பூஜ்யத்துக்குப் பக்கத்து எண் எது?

வாசகர் கேள்வி:

"ஐயா, நான் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். பேத்தி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் வைத்த சின்னத் தேர்வில் 'மிகச் சிறிய மிகைப் பின்னம் எது? காரணம் கூறுக' என்று ஒரு கேள்வி. இவள் 'ஒன்றின் கீழ் முடிவிலி' என்று எழுதியிருக்கிறாள். அதை அடித்துவிட்டு 'அப்படி ஒன்று இல்லை' என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. பேத்தி இப்போது கட்சி மாறி, புள்ளிக்கு அப்புறம் முடிவில்லாமல் பூஜ்யம் போட்டுக் கடைசியில் ஒரு 1 போட்டால் அதுதான் என்கிறாள். மாப்பிள்ளை இன்ஜினியர். எதையும் பிளாங்க் நீளத்துக்குக் கீழே வெட்ட முடியாது, அதனால் பாதியாக்குவது ஓர் இடத்தில் நின்றுதான் ஆகவேண்டும் என்கிறார். என் அப்பா கர்ணமாக இருந்தவர். காணி, முந்திரி, கீழ்முந்திரி, இம்மி என்று எங்களை ஒப்பிக்க வைத்தவர். வாட்ஸ்அப்பில் வரும் பட்டியலில் அதற்கும் கீழே தேர்த்துகள் வரை போகிறது. அதோடு சரி, அதற்குக் கீழே கிடையாது என்பது என் கட்சி. என் மனைவி, 'முடிவே இல்லாததைப் பேசினால் பேச்சும் முடியாது' என்று எழுந்து போய்விட்டாள். யார் சொல்வது சரி? பின்னங்கள் கணக்கில்லாமல் இருக்கின்றன என்றால் அவற்றில் சின்னது என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும்? அடுத்த தேர்வில் பேத்தி எப்படி எழுத வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்."

பதில்:

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிகச் சிறிய மிகைப் பின்னம், அதாவது பூஜ்யத்தைவிடப் பெரிய பின்னங்களில் மிகச் சிறியது, என்று ஒன்று கிடையாது. சிவப்பு மை சொன்னது சரிதான். ஆனால் 'காரணம் கூறுக' என்று கேட்டவர்களே காரணம் சொல்லாமல் விட்டது நியாயமில்லை. இந்தக் கேள்வியின் உயிரே காரணத்தில்தான் இருக்கிறது. அதுவும் நாலு வரிக்கு மேல் போகாது.

யாராவது ஒருவர் 'இதோ, இதுதான் கடைசி' என்று ஒரு பின்னத்தை நீட்டட்டும். 7/1000 என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகுதியைத் தொடாமல் பகுதியை மட்டும் இரண்டால் பெருக்குங்கள்: 7/2000. மேலேயும் கீழேயும் முழு எண்கள், எனவே இது பின்னம். மேலே இருப்பது பூஜ்யம் இல்லை, எனவே இது பூஜ்யத்தைவிடப் பெரியது. முன்னதில் பாதி, எனவே அதைவிடச் சின்னது. 7/1000 கடைசி இல்லை என்றாகிவிட்டது. அதற்குப் பதில் வேறு எதை நீட்டியிருந்தாலும் இதே கதிதான், ஏனென்றால் 7, 1000 என்ற எண்களுக்கென்று உள்ள எந்தக் குணத்தையும் நாம் பயன்படுத்தவில்லை.

பேத்தி தேர்வில் எழுத வேண்டியது இது: "மிகச் சிறிய மிகைப் பின்னம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அது அ/ஆ என்க. இங்கு அ, ஆ இரண்டும் மிகை முழு எண்கள். இப்போது அ/(2ஆ) என்பதும் ஒரு மிகைப் பின்னம். அது அ/ஆ-வைவிடச் சிறியது. ஆனால் அ/ஆ-தான் மிகச் சிறியது என்று கொண்டோம். இது முரண்பாடு. ஆகவே மிகச் சிறிய மிகைப் பின்னம் இல்லை." இதை அவள் மனப்பாடம் செய்ய வேண்டாம். 'இருப்பதாகக் கொள்வோம்' என்று ஆரம்பித்து அதன் காலை அதை வைத்தே வாரிவிடுகிற இந்த முறை, பத்தாம் வகுப்பு தாண்டியும் அவளுக்கு உதவும். இரண்டின் வர்க்கமூலம் பின்னமாக வராது என்று காட்டுவதும் இதே முறையில்தான்.

இவ்வளவுதான் விஷயம் என்றால் உங்கள் வீட்டில் ஏன் சண்டை ஓயவில்லை? இதில்தான் எனக்கு அக்கறை. நிரூபணத்தை ஒப்புக்கொண்டவர்கள்கூட மனசுக்குள் 'இருந்தாலும்...' என்று இழுப்பார்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். மிகப் பெரிய எண் எது என்று பேத்தியைக் கேளுங்கள். 'அப்படி ஏது தாத்தா, ஒன்றைக் கூட்டினால் அதைவிடப் பெரிசு வந்துவிடுமே' என்று பட்டென்று சொல்வாள். அதில் அவளுக்கு எந்த உறுத்தலும் இருக்காது. ஆனால் இரண்டும் ஒரே கேள்வி. மிகச் சிறிய பின்னம் ஒன்று இருந்தால் அதன் தொகுதி 1 ஆகத்தான் இருக்க முடியும். 2 என்றோ 3 என்றோ இருந்தால் அதை 1 ஆக்கி இன்னும் சின்னதாக்கிவிடலாம். அப்புறம் அதன் பகுதி, முழு எண்களிலேயே பெரியதாக இருக்க வேண்டும். பெரிய முழு எண் என்று ஒன்று இல்லாததால் சின்னப் பின்னமும் இல்லை. மேலே நோக்கிப் போகும்போது சுலபமாக ஒப்புக்கொண்டதைக் கீழே வரும்போது மனசு ஏன் மறுக்கிறது?

பூஜ்யம் இருப்பதால். மேல் பக்கம் எல்லை எதுவும் தெரிவதில்லை, அதனால் கடைசி ஆள் யார் என்று கேட்கத் தோன்றுவதில்லை. கீழ்ப் பக்கம் பூஜ்யம் என்ற எல்லை கண்ணெதிரே இருக்கிறது. எல்லை இருந்தால் அதை ஒட்டி ஒருவர் இருந்தாக வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. சர்வேயருக்கு இது இன்னும் பலமாகத் தோன்றும். எல்லைக்கல்லை ஒட்டிய புலம் ஒன்று இல்லாமல் உங்கள் புலப்படம் கிடையாது. மிகைப் பின்னங்களின் கூட்டத்துக்குப் பூஜ்யம் எல்லை, சந்தேகமே இல்லை. அதைவிடக் கீழே எந்த மிகைப் பின்னமும் போகாது. ஆனால் பூஜ்யம் அந்தக் கூட்டத்தில் உறுப்பினர் கிடையாது. எல்லை இருக்கிறது, எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஆள் இல்லை. ஒரு கூட்டத்துக்குக் கீழ் எல்லை இருப்பதும், அந்தக் கூட்டத்தில் மிகச் சிறிய உறுப்பினர் இருப்பதும் தனித்தனிச் செய்திகள்.

'கணக்கில்லாமல் இருந்தால் அவற்றில் சின்னது என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும்?' என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணி முடிக்கக்கூடிய கூட்டத்துக்குத்தான் அந்த உத்தரவாதம். பத்துப் பின்னங்களைக் கொடுத்தால் இரண்டிரண்டாக ஒப்பிட்டுப் பெரியதைக் கழித்துக்கொண்டே வந்து கடைசியில் ஒன்றில் நிற்கலாம். பத்து லட்சம் கொடுத்தாலும் நேரம்தான் ஆகும், நிற்பது உறுதி. முடிவில்லாத கூட்டத்தில் கழித்து முடிக்கிற அந்தக் கட்டமே வருவதில்லை. அதனால் அங்கே சின்னது இருக்கவும் செய்யலாம், இல்லாமலும் போகலாம். 1, 2, 3 என்ற முழு எண்களும் முடிவில்லாதவைதான், ஆனால் அவற்றில் சின்னது 1. மிகைப் பின்னங்களில் சின்னது இல்லை. ஒவ்வொரு கூட்டத்தையும் தனியாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு சிக்கல், பேச்சில் வருவது. இந்த இரண்டு வாக்கியங்களையும் பாருங்கள். 'எந்தப் பின்னத்தை எடுத்தாலும் அதைவிடச் சின்னப் பின்னம் ஒன்று உண்டு.' 'எல்லாப் பின்னங்களையும்விடச் சின்னப் பின்னம் ஒன்று உண்டு.' வேகமாகப் பேசும்போது இரண்டும் ஒன்று போலக் கேட்கும். முதலாவது உண்மை, இரண்டாவது பொய். எந்தப் பூட்டை எடுத்தாலும் அதற்கு ஒரு சாவி உண்டு என்பதும், எல்லாப் பூட்டையும் திறக்கிற ஒரே சாவி உண்டு என்பதும் எப்படி வேறோ அப்படித்தான். உங்கள் சாப்பாட்டு மேசைச் சண்டையில் பாதி, ஒருவர் முதல் வாக்கியத்தைச் சொல்ல இன்னொருவர் இரண்டாவதைக் கேட்டதால் வந்திருக்கும் என்பது என் ஊகம். கல்லூரி முதல் வருஷத்திலும் மாணவர்கள் சறுக்குகிற இடம் இதுதான். 'ஒவ்வொன்றுக்கும்' முன்னால் வருகிறதா, 'ஏதோ ஒன்று' முன்னால் வருகிறதா என்பதில் ஒரு பாடமே அடங்கியிருக்கிறது.

சரி, ஒவ்வொரு கட்சியாக வருகிறேன்.

பேத்தியின் முதல் பதில், ஒன்றின் கீழ் முடிவிலி. பின்னம் என்றால் கீழே ஒரு முழு எண் இருக்க வேண்டும். முடிவிலி முழு எண் இல்லை. 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டே போய் எந்த இடத்திலும் நாம் அதைச் சந்திப்பதில்லை. இந்தக் காரணமே போதும். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை 'ஏன், அதையும் ஓர் எண்ணாக வைத்துக்கொண்டால் என்ன?' என்று கேட்கும், கேட்கவும் வேண்டும். சரி, வைத்துக்கொள்வோம். அவள் சொல்கிற எண்ணில் பாதி எவ்வளவு? ஒன்றின் கீழ் இரண்டு மடங்கு முடிவிலி. இரண்டு மடங்கு முடிவிலி எவ்வளவு என்று கேட்டால் 'அதுவும் முடிவிலிதான்' என்பாள். அப்படியானால் அந்த எண்ணின் பாதியும் அந்த எண்ணும் ஒன்றே. தன் பாதிக்குத் தானே சமமாக இருக்கிற எண் பூஜ்யம் மட்டும்தான். பூஜ்யம் மிகை எண் இல்லை. ஆக, அவள் பிடித்தது பூஜ்யத்தைத்தான், வேறு பெயரில்.

அவள் யோசித்த திசை ஒன்றும் மோசமில்லை, அதையும் அவளிடம் சொல்லுங்கள். இரண்டாம் பாஸ்கரர் 1150 வாக்கில் எழுதிய பீஜகணிதத்தில் பூஜ்யத்தால் வகுபட்ட அளவுக்குக் கஹரம் என்று பெயர் வைத்து, அதோடு எதைக் கூட்டினாலும் கழித்தாலும் அது மாறாது என்று சொல்லியிருக்கிறார். பெரிய கணித அறிஞரே தடவிப் பார்த்த இடம். இதில் ஒரு விலை உண்டு: எதைக் கூட்டினாலும் மாறாத ஒன்றை எண்ணாகச் சேர்த்துக்கொண்டால், இரண்டு பக்கமும் கழித்துச் சுருக்குகிற சாதாரண வேலையெல்லாம் நடக்காது. ஒன்றைக் கூட்டினாலும் அதுவே, இரண்டைக் கூட்டினாலும் அதுவே என்றால், இரண்டு பக்கமும் அதைக் கழித்து 1 = 2 என்று எழுதிவிடலாம். அதனால்தான் பள்ளிக் கணக்கில் முடிவிலியை எண்களோடு உட்கார விடுவதில்லை.

இரண்டாவது பதில்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 0.000 என்று முடிவில்லாமல் பூஜ்யங்கள், கடைசியில் 1. இதில் தப்பு எங்கே என்று காட்டுவது பேத்திக்கு நல்ல பயிற்சி. புள்ளிக்கு அப்புறம் வரும் இடங்களுக்கு எண் உண்டு: முதல் இடம் பத்தில் ஒன்று, இரண்டாம் இடம் நூறில் ஒன்று, மூன்றாம் இடம் ஆயிரத்தில் ஒன்று. ஒவ்வோர் இலக்கமும் ஏதாவது ஓர் இடத்தில் உட்கார்ந்தாக வேண்டும். அந்த 1 எத்தனையாவது இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கேளுங்கள். 'கோடியாவது இடம்' என்றால், அதற்கு முன் பூஜ்யங்கள் ஒரு கோடிக்கு ஒன்று குறைவு, முடிவில்லாமல் இல்லை. இன்னொரு பூஜ்யத்தை நுழைத்தால் அதைவிடச் சின்னது தயார். 'எந்த இடத்திலும் இல்லை, எல்லாவற்றுக்கும் அப்புறம்' என்றால், அந்த 1 எழுதப்படவே இல்லை. எல்லா இடத்திலும் பூஜ்யம் இருக்கிற எண் பூஜ்யமேதான். 'முடிவில்லாமல்' என்று சொல்லிவிட்டு 'கடைசியில்' என்றும் சொல்ல முடியாது.

இதைப் புரிந்துகொண்டால் கூடவே இன்னொரு பழைய வம்பும் தீர்ந்துவிடும். 0.999 என்று ஒன்பதுகள் முடிவில்லாமல் போனால் அது 1-க்குச் சமமா, கொஞ்சம் குறைவா? குறைவு என்பவர்கள் அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று சொல்ல வேண்டும். பத்தில் ஒன்றைவிடக் குறைவு, நூறில் ஒன்றைவிடக் குறைவு, ஆயிரத்தில் ஒன்றைவிடக் குறைவு, இப்படி எல்லாவற்றையும்விடக் குறைவு. எந்த மிகைப் பின்னமும் அப்படி இருக்க முடியாது. 3/4567 என்று ஒன்றை எடுத்தால் அது பத்தாயிரத்தில் ஒன்றைவிடப் பெரியது. பகுதியில் எத்தனை இலக்கம் இருக்கிறதோ அத்தனை பூஜ்யம் போட்டால் போதும், அதற்குக் கீழே போய்விடலாம். எனவே அந்தக் 'கொஞ்சம்' பூஜ்யம், 0.999... என்பது 1. இதற்குப் பேத்தி ஒத்துக்கொள்ள ஒரு வாரம் ஆனாலும் அவசரப்படுத்தாதீர்கள்.

மாப்பிள்ளை சொல்வது வேறு ரகம். அவர் இயற்பியலைக் கணக்குக்குள் கொண்டுவருகிறார். ஒரு மீட்டர் நாடாவைப் பாதி, பாதியில் பாதி என்று போனால் 34-ஆவது தடவையிலேயே ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவுக்குக் கீழே போய்விடுவோம். அதற்கு மேல் கத்தரிக்கோலுக்கு வேலை இல்லை. பிளாங்க் நீளம் ஏறக்குறைய 1.6 பெருக்கல் 10-இன் மைனஸ் 35-ஆம் அடுக்கு மீட்டர். 116 தடவையில் அதையும் தாண்டிவிடலாம். ஒன்றைச் சொல்ல வேண்டும்: பிளாங்க் நீளம்தான் இயற்கையின் மிகச் சிறிய துண்டு என்று யாரும் சோதித்து நிறுவியதில்லை. நம்மிடம் இருக்கும் ஈர்ப்புக் கொள்கையும் குவாண்டம் கொள்கையும் சேர்ந்து கைவிரிக்கிற அளவு அது. அதை விடுங்கள். நாளைக்கே இயற்கையில் அதற்குக் கீழே எதுவும் இல்லை என்று நிரூபித்தாலும் பின்னத்துக்கு ஒன்றும் ஆகாது. 'பிளாங்க் நீளத்தில் பாதி' என்று மாப்பிள்ளையால் எழுத முடிகிறது, அதை இரண்டால் பெருக்கிப் பழைய அளவைத் திரும்ப வரவழைக்க முடிகிறது. பின்னத்துக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை வெட்டிக் கையில் கொடுக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

இன்ஜினியர் என்பதால் அவர் கால்குலேட்டரையும் சாட்சிக்குக் கூப்பிடலாம். கூப்பிடட்டும். பள்ளியில் பயன்படுத்துகிற சயின்டிஃபிக் கால்குலேட்டரில் 1 போட்டு, விடையை 2-ஆல் வகுத்து, சமக்குறியை அமுக்கிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். அரை, கால், அரைக்கால் என்று இறங்கி, கொஞ்ச நேரத்தில் 10-இன் மைனஸ் அடுக்குகளில் எண் காட்டும். ஏறக்குறைய 330 தடவை அமுக்கியதும் திரையில் வெறும் 0. அந்த இயந்திரத்துக்கு 10-இன் மைனஸ் 99-ஆம் அடுக்குக்குக் கீழே எழுத இடமில்லை. கம்ப்யூட்டரில் வழக்கமாகப் பயன்படும் 64 பிட் மிதவைப் புள்ளி (floating point) எண்முறையிலும் இதே கதை: 2-இன் மைனஸ் 1074-ஆம் அடுக்குதான் அதில் எழுதக்கூடிய மிகச் சிறிய மிகை எண். பைத்தான் என்ற நிரல்மொழியில் அதை இரண்டால் வகுத்தால் 0.0 என்று வரும். ஆக, மிகச் சிறிய எண் உள்ள உலகங்கள் உண்டு. 64 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் எண்ணி முடிக்கக்கூடியவை, அவற்றில் சின்னது ஒன்று இருந்தே தீரும். அதே பைத்தானில் பின்னங்களுக்கென்று தனி வசதி ஒன்று இருக்கிறது. அது தொகுதியையும் பகுதியையும் தனித்தனி முழு எண்களாக வைத்துக்கொள்ளும். அதில் ஒன்றின் கீழ் 2-இன் 2000-ஆம் அடுக்கைப் போட்டுப் பாதியாக்கினால் சத்தமில்லாமல் பாதியாக்கித் தரும். மாப்பிள்ளையிடம் இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பாதி வழிக்கு வந்துவிடுவார்.

இனி உங்கள் கட்சி. இதில் எனக்குப் பாசம் உண்டு, அதனாலேயே கொஞ்சம் கறாராகப் பேசுகிறேன். முந்திரி 1/320. முந்திரியில் முந்திரி கீழ்முந்திரி, அதாவது 1/102400. கீழ்முந்திரியை 21 பங்காக்கினால் ஒரு பங்கு இம்மி, 1/2150400. நெல்லையும் நிலத்தையும் பங்கு போட இதற்குக் கீழே ஒரு கணக்குப்பிள்ளைக்கு என்ன வேலை இருந்திருக்கும்? பெயர் நின்ற இடம் தேவை நின்ற இடம். உங்கள் 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க் என்பதால் லிங்கைவிடச் சின்ன நீளம் உலகத்தில் இல்லை என்று நீங்கள் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அப்பா ஒப்பிக்க வைத்ததை இன்னொரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். அரை, கால் என்று முந்திரி வரை ஒரு முழு வரிசை. அப்புறம் கீழரை, கீழ்க்கால் என்று அதே வரிசை 320-இல் ஒரு பங்காகச் சுருங்கித் திரும்ப வருகிறது. கீழரை 1/640, கீழ்க்கால் 1/1280, கடைசியில் கீழ்முந்திரி. ஏற்கெனவே உள்ள வரிசை முழுவதையும் 320-ஆல் வகுத்து அதற்கு அடியில் ஒட்டியிருக்கிறார்கள். அதை ஒரு தடவை செய்தவர்கள் இன்னொரு தடவையும் செய்யலாம், நூறு தடவையும் செய்யலாம். இந்த ஏற்பாட்டில் 'இதோடு நிறுத்து' என்று சொல்கிற பகுதி எதுவும் இல்லை. உங்கள் அப்பாவின் வாய்பாடு உங்கள் பேத்தியின் வாத்தியார் பக்கம்தான் சாட்சி சொல்கிறது.

தேர்த்துகள் விஷயத்தில் வாட்ஸ்அப்பை ரொம்ப நம்ப வேண்டாம். அங்கே சுற்றுகிற பின்னப் பட்டியலில் தேர்த்துகள் அணுவைவிடச் சின்னது. பழைய நீட்டல் அளவை வாய்பாட்டிலோ எட்டு அணு சேர்ந்தது ஒரு தேர்த்துகள். அங்கே அணுதான் சின்னது. இரண்டும் வெவ்வேறு அளவைகள், பெயர் மட்டும் பொது. 'உலகின் மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடித்தவர்கள்' என்று அதன் அடியில் ஒட்டிவருகிற பெருமை நமக்குத் தேவையில்லை. அப்படி ஓர் எண் இல்லை என்பதால் அதை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

பெரிய எண்கள் பக்கத்தில் இதே ஆட்டத்தை ஆர்க்கிமிடீஸ் ஆடியிருக்கிறார். மணலை எண்ணவே முடியாது என்று சிலர் சொல்ல, சிராக்யூஸ் அரசன் கெலோனுக்கு ஒரு சிறு நூல் எழுதி, பிரபஞ்சம் முழுவதும் மணலை நிரப்பினாலும் இன்றைய முறையில் 10-இன் 63-ஆம் அடுக்குக்குள் அடங்கிவிடும் என்று கணக்குக் காட்டினார். அவர் அங்கே நிறுத்தவில்லை. அதைவிட எத்தனையோ மடங்கு பெரிய எண்களுக்கும் பெயர் வைக்கிற முறையைச் சேர்த்தே கொடுத்தார். பெயர்ப் பட்டியலைவிடப் பெயர் வைக்கிற முறை முக்கியம் என்று தெரிந்த மனிதர்.

'எல்லாவற்றையும்விடச் சின்னது' என்ற ஆசை உங்கள் வீட்டில் மட்டும் இருந்தது என்று நினைக்காதீர்கள். நியூட்டனும் லைப்னிட்ஸும் 17-ஆம் நூற்றாண்டில் நுண்கணிதத்தை உருவாக்கியபோது, பூஜ்யம் இல்லாத, ஆனால் எந்தச் சாதாரண எண்ணையும்விடச் சின்னதான அளவுகளை வைத்துத்தான் வேலை பார்த்தார்கள். விடைகள் சரியாக வந்தன, காரணம் சொல்லத்தான் தடுமாறினார்கள். 1734-இல் பிஷப் பெர்க்லி, 'மறைந்துபோன அளவுகளின் ஆவிகள்' என்று இவற்றைக் கிண்டலடித்தார். கிண்டல் நியாயமானது. ஒரே அளவை வகுக்கும்போது பூஜ்யமில்லை என்றும், கணக்கு முடியும்போது பூஜ்யம் என்றும் வைத்துக்கொண்டால் யார்தான் கேட்க மாட்டார்கள்? கோஷி 1821-இல் தொடங்கி, பிறகு வையர்ஸ்ட்ராஸ், அந்த ஆவிகள் இல்லாமலே நுண்கணிதத்தைக் கட்டினார்கள். அவர்கள் பிடித்தது நான் மேலே சொன்ன முதல் வாக்கியத்தைத்தான்: நீ எவ்வளவு சின்ன அளவைக் கொடுத்தாலும், நான் அதற்குக் கீழே வந்து காட்டுகிறேன். எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிற ஒன்று அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

கதை அங்கேயும் முடியவில்லை. 1960-களில் ஆப்ரஹாம் ராபின்சன், எல்லாச் சாதாரண மிகை எண்களையும்விடச் சின்னதான மிகை எண்கள் இருக்கும்படி ஒரு விரிவான எண் மண்டலத்தை முரண்பாடு இல்லாமல் அமைத்துக் காட்டினார். லைப்னிட்ஸின் ஆசைக்கு முறைப்படி ஒரு வீடு கிடைத்தது. உங்கள் பேத்தி இதைக் கேள்விப்பட்டால் 'பார்த்தீர்களா, நான் சொன்னது இருக்கிறது' என்று குதிப்பாள். குதிக்கலாம், ஆனால் பாதிதான். அந்த நுண்ணிய எண்கள் பின்னங்கள் இல்லை என்பது ஒன்று. அங்கேயும் ஒவ்வொன்றுக்கும் பாதி உண்டு, அதுவும் பூஜ்யம் இல்லை என்பது இன்னொன்று. ராபின்சனின் மண்டலத்திலும் மிகச் சிறியது கிடையாது. இரண்டால் வகுக்க அனுமதி இருக்கிற எந்த மண்டலத்திலும் கிடைக்காது. மிகச் சிறியது வேண்டும் என்றால் வகுத்தலைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும், கால்குலேட்டர் விட்டுக்கொடுத்தது போல.

கடைசியாக, உங்கள் மனைவி எழுந்து போனதற்கு ஒரு பதில். முடிவில்லாததைப் பற்றிப் பேசி முடிக்கலாம். கணித அறிஞர் கேன்டர் 1870-களில் காட்டிய ஒரு வேலையை ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து செய்து பாருங்கள். அளவுப்படி அடுக்கப் போனால் மிகைப் பின்னங்களுக்கு முதல் ஆள் இல்லை, எந்த ஆளுக்கும் அடுத்த ஆளும் இல்லை. எந்த இரண்டு பின்னத்துக்கு நடுவிலும் இன்னொன்று புகுந்துவிடும். 1/3-க்கும் 1/2-க்கும் நடுவில் தொகுதியோடு தொகுதியும் பகுதியோடு பகுதியும் கூட்டிய 2/5 இருக்கிறது. 1/3-க்கும் 2/5-க்கும் நடுவில் 3/8. இப்படிப் போனால் நிற்காது. ஆனால் அளவை மறந்துவிட்டு, தொகுதியும் பகுதியும் கூட்டினால் என்ன வருகிறது என்று பார்த்து அடுக்குங்கள். கூட்டுத்தொகை 2: 1/1. கூட்டுத்தொகை 3: 1/2, 2/1. கூட்டுத்தொகை 4: 1/3, 3/1. நடுவில் வரும் 2/2 ஏற்கெனவே 1/1 ஆக வந்துவிட்டது, அதைத் தள்ளிவிடுங்கள். கூட்டுத்தொகை 5: 1/4, 2/3, 3/2, 4/1. ஒவ்வொரு கூட்டுத்தொகைக்கும் எண்ணி முடிக்கக்கூடிய பின்னங்களே உண்டு, எந்தப் பின்னமும் தன் முறை வரும்போது வந்தே தீரும். முதல், இரண்டாவது, மூன்றாவது என்று ஒன்று விடாமல் எல்லா மிகைப் பின்னமும் ஒரே வரிசையில் நிற்கிறது. உங்கள் முந்திரிக்கும் அதில் ஓர் இடம் உண்டு, ஏறக்குறைய 31,000-ஆவது. தசமமாக எழுதக்கூடிய எண்கள் எல்லாவற்றையும் இப்படி வரிசையில் நிறுத்தப் பார்த்தால் நடக்காது என்றும் அதே கேன்டர் நிறுவினார். அதற்குத் தனிக் கடிதம் எழுதுங்கள்.

பேத்தியை 3/5 எத்தனையாவதாக வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். சுருக்கக்கூடிய பின்னங்களைத் தள்ள மறக்காமல் எண்ணினால் 19 வரும். 24 வந்தால் அவள் தள்ளாமல் எண்ணியிருக்கிறாள்.